நிரை காத்தலும் உயிர் காத்தலும்

நுழைவாயில்

ஆநிரையைக் கவர்வதும் மீட்பதும் பண்டைத் தமிழரின் போரொழுக்கமாக விளங்கின. நிரை மீட்டு உயிர்நீத்த வீரர்க்கு எடுக்கப்பட்ட நடுகற்கள் ஜவ்வாது மலையின் அடிவாரத்தைச் சூழ்ந்த செங்கம் வட்டாரத்தில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அன்று விலங்கைக் காத்ததற்கும் இன்று விலங்கைக் காக்க வேண்டும் என்று நாம் சொல்வதற்கும் இடையே பொருள் வேறுபாடு உண்டு. காட்டு விலங்குகளும் வளர்ப்பு விலங்குகளும் படும் துன்பத்தைச் சட்டமும் சமூகமும் எவ்வாறு அணுகி வந்துள்ளன என்பதை அம்மலையை மையமாக வைத்து இப்பாடம் ஆராய்கிறது.

செங்கத்துக் கற்கள்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. பாலாற்றில் கலக்கும் செய்யாறு இங்குத் தோன்றிச் செங்கத்தின் வழியே ஓடுகிறது. மலையின் மேல் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். சாமையும் தினையும் விளைவித்தல், தேனும் புளியும் கடுக்காயும் சேகரித்தல், ஆடுமாடு மேய்த்தல் ஆகியன அவர்தம் வாழ்க்கைத் தொழில்கள். மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரளத்தவரைக் குறிக்கும் பெயருக்கும் தொடர்பில்லை.

மலையடிவாரத்து ஊர்களில் கண்டெடுக்கப்பட்ட கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை ஆராய்ந்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுதியை 1972இல் வெளியிட்டது. அவற்றுள் பல வட்டெழுத்தில் அமைந்தவை, பல்லவர் காலத்தவை. ஆநிரையைத் ‘தொறு’ என்று குறிக்கும் இக்கல்வெட்டுகள் தொறு கொண்டபோது இறந்தவனையும் தொறு மீட்டபோது இறந்தவனையும் ஒரே மொழியில், ஒரே அமைதியுடன் பதிவு செய்கின்றன. இலக்கணத்தில் வெட்சி, கரந்தை என்று நாம் படித்தவை இங்கு ஊர்ப் பெயரோடும் ஆட்பெயரோடும் ஆட்சியாண்டோடும் நிற்கின்றன.

இக்கற்களுள் எடுத்தனூர்க் கல் தனித்துவமானது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் மாண்டான் என்று கல்வெட்டு கூறுகிறது. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது அந்நாய் என்று தனியே ஒரு குறிப்பும் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாய்க்கு ஒரு பெயரும் உண்டு: கோவிவன்.

ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரார் தம் நாயின் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று கருதினர். இது சிறிய செய்தியன்று. ஆயினும் அக்கல்லை நாம் இன்னும் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டும். எருமைகள் அங்கே செல்வமாக இடம்பெறுகின்றன. ‘மாடு’ என்னும் சொல்லுக்கே செல்வம் என்னும் பொருள் உண்டு. கவர்ந்து செல்லப்பட்ட நிரை வழியில் என்ன பாடுபட்டது, அம்பும் வேலும் எத்தனை மாடுகள் மேல் பாய்ந்தன என்பதைத் தொறுப் பூசல் பற்றிய கற்கள் கூறுவதில்லை. உடைமை காக்கப்பட்டதா என்பதே அவற்றின் கேள்வி. கோவிவன் மட்டும் அந்தக் கணக்கிலிருந்து சிறிது விலகி நிற்கிறது. அது காக்கப்பட்ட உடைமையாகச் சொல்லப்படவில்லை. பெயருள்ள உயிராகவே சொல்லப்படுகிறது. விலங்குகளைக் காப்பது பற்றிய பிற்கால விவாதங்கள் எல்லாம் இந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவேதான் நிகழ்ந்திருக்கின்றன.

பொறிகள் நிறைந்த வழி

செங்கத்தின் பழம்பெயர் செங்கண்மா. அதனை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் பத்துப்பாட்டுள் ஒன்று. பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியைக் காட்டும் அந்நூல் வழியின் அழகோடு வழியின் இடர்களையும் கூறுகிறது. விளைபுனத்தை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு அஞ்சிய மலைமக்கள் அது நுழையும் வழிகளில் எல்லாம் பெரிய கற்களாலான பொறிகளை அமைத்துள்ளனர். ஆதலால் இருளில் அவ்வழியே செல்லாதீர், விடிந்தபின் செல்க என்று புலவர் எச்சரிக்கிறார். யானையை விரட்டப் புனங்காவலர் கவணில் வைத்து எறியும் கற்களைப் பற்றியும் அவர் குறிப்பிடுகிறார்.

இவ்வெச்சரிக்கையில் உள்ள நுட்பம் கருதத்தக்கது. பன்றிக்கு வைத்த பொறி கூத்தனையும் கொல்லும். பொறிக்கு ஆள் தெரியாது. இந்த உண்மையை உணர்ந்தே புலவர் வழிகூறுகிறார்.

கற்பொறி மறைந்துவிட்டது, அதன் இடத்தில் சுருக்குக் கம்பி வந்துள்ளது. இருசக்கர வண்டியின் பிரேக் கம்பி ஒன்று போதும். விலங்கு நடக்கும் தடத்தில் அதை வளையமாக்கி மரத்தில் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. கழுத்தோ காலோ இடுப்போ அதில் சிக்கிய விலங்கு இழுக்க இழுக்கக் கம்பி இறுகும். பன்றிக்காக வைத்த சுருக்கில் புள்ளிமான் சிக்கும், சிறுத்தை சிக்கும், மேயப் போன ஆடும் வீட்டு நாயும் சிக்கும். உடனே இறப்பது அரிது. ஓரிரவோ ஒரு பகலோ துடித்தபின்பே அவ்வுயிர் அடங்கும். கம்பியை அறுத்துக்கொண்டு தப்பிய விலங்கு சதையில் புதைந்த வளையத்தோடு பல நாள் அலைந்து சாகும். பழத்துக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காய் இதனினும் கொடியது. கடித்த கணத்தில் தாடை சிதறும்; உண்ணவும் நீர் அருந்தவும் இயலாமல் அவ்விலங்கு மெல்ல இறக்கும்.

மூன்றாவது வகை மின்வேலி. 2023 மார்ச் மாதத்தில், ஜவ்வாது மலைக்கு மேற்கே உள்ள தருமபுரி மாவட்டத்தில், மாரண்டஅள்ளி அருகே ஒரு விளைநிலத்தைச் சுற்றிச் சட்டத்துக்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. இறந்த யானைகளின் அருகிலேயே அவை சுற்றி வந்த காட்சி அந்நாளில் தமிழகம் முழுவதும் பேசப்பட்டது. சூரிய மின்வேலி இதிலிருந்து வேறானது. அதில் மின்சாரம் இடைவிடாமல் பாய்வதில்லை. நொடியின் மிகச் சிறு பகுதி அளவே நீடிக்கும் துடிப்புகளாகச் செல்கிறது. தொட்ட விலங்கு அதிர்ந்து விலகும், சாகாது. வீட்டு இணைப்பிலிருந்தோ மின்கம்பத்திலிருந்தோ நேரே இழுக்கப்படும் கம்பியில் அந்த இடைவெளி இல்லை. தொட்டவர் மனிதராயினும் விலங்காயினும் முடிவு ஒன்றே.

கம்பி வைத்தவர் யார் என்று பார்த்தால் கொடியவர் எவரும் பெரும்பாலும் அகப்படுவதில்லை. ஓர் ஏக்கரில் சாமை விதைத்தவர். நான்கு மாத உழைப்பை ஒரே இரவில் பன்றிக்கூட்டம் உழுது போட்டதைக் காலையில் பார்த்தவர். இரவெல்லாம் பரணில் விழித்திருந்தவர் பகலில் கூலி வேலைக்கும் செல்ல வேண்டும். இழப்பீட்டுக்கு மனுக் கொடுத்தால் ஆய்வு, சான்று, காத்திருப்பு. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு முழக் கம்பி மிக மலிவான விடையாகத் தோன்றுகிறது. இறைச்சிக்காகவும் விற்பனைக்காகவும் வேட்டையாடுவோர் இல்லாமல் இல்லை. அவர்களை வேறு வகையில் வைத்தே பேச வேண்டும். இருவரையும் ஒன்றாகக் கருதும் பேச்சு உழவரைக் காட்டுக்குப் பகைவராக்குகிறதே தவிர, ஒரு சுருக்கையும் அவிழ்ப்பதில்லை.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்கு விரிந்த பொருள் தருகிறது. கொல்லுதல் மட்டுமன்றிப் பொறிவைத்தல், சுருக்கில் பிடித்தல், விரட்டுதல், அவற்றுக்கு முயலுதல் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். அதே சட்டம், பயிருக்கோ உயிருக்கோ கேடு விளைவிக்கும் குறிப்பிட்ட சில விலங்குகளைக் கொல்ல அலுவலர் அனுமதி வழங்கவும் இடம் தருகிறது. தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் காட்டுப்பன்றி தொடர்பாக வெளியிட்ட நெறிமுறை நிலத்தை மூன்றாகப் பகுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுட அனுமதியில்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். சமவெளிக்கு இப்பகுப்பு பொருந்தக்கூடும். ஜவ்வாது மலையில் காப்புக்காட்டின் நடுவே தீவுகளைப்போல் அமைந்துள்ள சிற்றூர்களோ ஏறத்தாழ முழுவதுமாக முதல் வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். காட்டுயிர்க்கு அது பாதுகாப்பு. மலையுழவர்க்கோ வேலி, காவல், விரைந்த இழப்பீடு ஆகியவற்றைத் தவிர வேறு வழியில்லை. அவை காலத்தில் கிடைக்காவிட்டால் கம்பி திரும்பவும் கட்டப்படும்.

யானைகளின் இடப்பெயர்ச்சி

யானைகள் பற்றிய செய்தி மேலும் சிக்கலானது. 1980களில் ஒசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் கிழக்கும் வடகிழக்குமாக நகர்ந்தன. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டக் காடுகளில் நெடுங்காலத்துக்குப் பின் யானைகள் தோன்றின. அவற்றுக்காகவே அங்குக் கௌண்டின்யா காட்டுயிர்ச் சரணாலயம் 1990இல் அமைக்கப்பட்டது. எல்லைக்கு இப்பால் ஜவ்வாது மலையை ஒட்டிய காடுகளிலும் யானைகள் திரிந்தன. காடுகள் துண்டுதுண்டாக இருந்தமையால் அவை ஒரு காட்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போதெல்லாம் கரும்பு வயலையும் நெல் வயலையும் கடந்தன. உயிரிழப்பும் பயிரிழப்பும் நேர்ந்தன.

2013 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாவட்டக் காடுகளில் ஆறு காட்டு யானைகளை வனத்துறையினர் கும்கி யானைகளின் துணையோடு மயக்க ஊசி செலுத்திப் பிடித்தனர். அவை லாரிகளில் ஏற்றப்பட்டு யானை முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன. யானைகளின் உயிர் காக்கப்பட்டது, ஊர்களும் நிம்மதியுற்றன. ஆனால் காட்டில் சுதந்திரமாகத் திரிந்த கூட்டம் கட்டளைக்குப் பழகும் வாழ்க்கைக்கு மாற்றப்பட்டது. முகாமுக்கு வந்த காட்டு யானை மரக் கட்டைகளால் அமைத்த கராலில் அடைக்கப்பட்டுப் படிப்படியாகப் பாகனின் குரலுக்குப் பழக்கப்படுகிறது. இதனைக் கொடுமை என்று எளிதில் சொல்லிவிட முடியாது. மாற்று வழி என்ன என்று கேட்டால் மின்வேலியில் இறந்த யானைகளே நினைவுக்கு வருகின்றன. முழுமையான காப்பு என்றும் சொல்ல முடியாது. காட்டைத் துண்டாடிய சாலையும் அணையும் ஆலையும் எவருடைய முடிவுகளோ, அவற்றின் விலையை அந்த ஆறு யானைகள் செலுத்தின என்று சொல்வதே நேர்மையானது.

பத்து ரூபாய் விலங்கு

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் விலங்கைக் கொல்வதும் முடமாக்குவதும் ‘சொத்துக்கு இழப்பு ஏற்படுத்துதல்’ என்னும் தலைப்பின்கீழ் வைக்கப்பட்டன. பத்து ரூபாய் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள விலங்குக்கு ஒரு பிரிவு. மாடு, குதிரை, யானை போன்றவற்றுக்கும் ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள பிற விலங்குகளுக்கும் வேறொரு பிரிவு. நடுகல்லின் எருமைகளைப் போலவே இங்கும் விலங்கு உடைமைதான். விலையற்ற தெருநாய்க்கு அச்சட்டத்தில் என்ன இடம் என்று கேட்டால் விடை கூறுவது கடினம்.

விலங்கின் வலியையே குற்றத்தின் அளவுகோலாகக் கொண்ட சட்டம் 1890இல் வந்தது. எனினும் அதன் எல்லை குறுகியது. விடுதலைக்குப் பின் அதை மாற்றியமைக்கும் முயற்சியை முன்னெடுத்தவர் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர் விலங்குவதைத் தடுப்புக்கெனத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். அரசே விரிவான சட்டம் இயற்றும் என்று தலைமையமைச்சர் நேரு உறுதியளித்தபின் அவர் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அச்சட்டத்தின்படி 1962இல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நெடுங்காலம் இயங்கிய அதன் முதல் தலைவரும் ருக்மிணி தேவியே.

மனிதர் அல்லாத எவ்வுயிரும் இச்சட்டத்தில் ‘விலங்கு’. விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதன் நலம் பேணவும் தேவையற்ற வலியைத் தடுக்கவும் கடமை உண்டு என்று மூன்றாம் பிரிவு கூறுகிறது. அடித்தல், உதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், நோயுற்ற விலங்கை வேலை வாங்குதல், போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராமை, துன்புறுமாறு அடைத்துக் கொண்டு செல்லுதல் ஆகியன பதினொன்றாம் பிரிவில் குற்றங்களாகின்றன. அடிப்பது மட்டும் கொடுமை என்னும் பொதுக்கருத்தைக் கடந்து, செய்ய வேண்டியதைச் செய்யாமையும் கொடுமையே என்று சட்டம் அறிந்திருப்பது பாராட்டத்தக்கது.

‘தேவையற்ற’ என்னும் அந்த அடைமொழியில்தான் எல்லா வழக்குகளும் நிற்கின்றன. எந்த வலி தேவையானது? யாருக்குத் தேவையானது? உணவுக்காகக் கொல்வதையும் காயடித்தலையும் சட்டம் சில வரம்புகளுடன் அனுமதிக்கிறது. வரம்பை யார் அளப்பது என்பதில் தெளிவில்லை. தண்டனையோ நகைப்புக்கு இடமானது. முதல் குற்றத்துக்குப் பத்து முதல் ஐம்பது ரூபாய் வரை தண்டம்; மூன்றாண்டுக்குள் மீண்டும் செய்தால் இருபத்தைந்து முதல் நூறு ரூபாய் வரை தண்டமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ. 1960இல் ஐம்பது ரூபாய் ஒரு தொகை. இன்று அது ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் போதாது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா பழைய விலை வரம்பை நீக்கி, எந்த விலங்கைக் கொன்றாலும் முடமாக்கினாலும் ஐந்தாண்டு வரை சிறை என்று விதிக்கிறது. விலங்கின் விலைச்சீட்டு இவ்வாறு கிழிக்கப்பட்டது. ஆனால் ‘இழப்பு ஏற்படுத்துதல்’ என்னும் பழைய தலைப்பு மட்டும் இன்னும் மாறவில்லை.

சந்தைக்கும் வண்டிக்கும் இடையே

வேலூருக்கு அருகே பொய்கையில் செவ்வாய்தோறும் கூடும் மாட்டுச் சந்தை வடமாவட்டங்களில் பெயர் பெற்றது. மலையிலிருந்தும் சமவெளியிலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் மாடுகள் அங்கு வருகின்றன. பல் பார்த்து, திமில் பார்த்து, சுழி பார்த்து, துண்டுக்கு அடியில் விரல் தொட்டு விலை பேசும் அக்கலையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். சந்தையில் மாடு பெரும்பாலும் நன்கு பேணப்படுகிறது. விற்க வந்தவர் அதைக் கழுவிக் கொம்புக்கு எண்ணெய் பூசித்தான் ஓட்டி வருகிறார். துன்பம் தொடங்குவது விலை முடிந்தபின். வண்டியில் ஏற மறுக்கும் மாட்டின் வால் முறுக்கப்படுகிறது. படுத்துவிட்டால் மற்ற மாடுகளின் குளம்புகளுக்கு அடியில் சிக்கும் என்பதால் மூக்கணாங்கயிறு மேலே இழுத்துக் கட்டப்படுகிறது. நின்றபடியே பல மணி நேரம், நீரின்றி.

விதிகள் இல்லாமல் இல்லை. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் சாதாரணச் சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கின்றன. மாடுகளுடன் ஒருவர் உடன்செல்ல வேண்டும். தீவனமும் நீரும் இருக்க வேண்டும். 2015இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகள் ஒரு மாட்டுக்கு இரண்டு சதுர மீட்டரும் ஓர் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டரும் கொண்ட நிலையான தடுப்புகள் வேண்டும் என்கின்றன. இவ்விதிப்படி சென்றால் ஒரு மாட்டுக்கு ஆகும் வாடகை இரண்டு மூன்று மடங்காகும். அந்த வேறுபாட்டை இப்போது யார் ஏற்கிறார்? வாங்குபவர் இல்லை, விற்பவர் இல்லை, வண்டி ஓட்டுநரும் இல்லை. மாடே ஏற்கிறது. வாடகை குறைவு என்று நாம் எழுதும் கணக்கில் அதன் வலி செலவாக எழுதப்படுவதில்லை, அவ்வளவே.

கோழிப்பண்ணையிலும் கணக்கு இதுவே. அடுக்குக் கூண்டுகளில் சிறகு விரிக்கவும் இடமின்றி முட்டையிடும் கோழிகளின் நிலையை இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆம் அறிக்கையில் எடுத்துக்காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய வெற்றுக் கூண்டுகளை 2012 முதல் விலக்கிவிட்டது.

தெரிந்து தெளிவோம்

ரூத் ஹாரிசன் என்னும் பெண்மணி 1964இல் எழுதிய ‘விலங்கு எந்திரங்கள்’ என்னும் ஆங்கில நூல் தொழிற்சாலைமுறைப் பண்ணைகளின் நிலையைப் பிரித்தானிய மக்களுக்கு வெளிப்படுத்தியது. அதன் பயனாக அரசு அமைத்த பிராம்பெல் குழு 1965இல் அறிக்கை அளித்தது. விலங்கு நிற்கவும் படுக்கவும் திரும்பவும் தன்னைத் தூய்மை செய்துகொள்ளவும் கைகால் நீட்டவும் இடம் வேண்டும் என்று அக்குழு கேட்டது. பின்னர் இக்கருத்து விரிந்து, பசி தாகம், உடல் இடர்ப்பாடு, வலியும் நோயும், அச்சமும் மனவருத்தமும் ஆகியவற்றிலிருந்து விடுதலை, இயல்பான நடத்தைக்கான விடுதலை என ‘ஐவகை விடுதலை’ ஆயிற்று. இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் வழங்கிய தீர்ப்பொன்றில் இவ்வைந்தையும் எடுத்தாண்டது.

தெருவில் ஓடும் காளை

மேற்சொன்ன தீர்ப்பு 2014 மே 7 அன்று ஏறுதழுவல் தொடர்பான வழக்கில் அளிக்கப்பட்டது. அத்தீர்ப்பு ஏறுதழுவலைத் தடை செய்ததும், 2017 சனவரியில் சென்னை மெரினாவிலும் தமிழகம் எங்கும் இளைஞர் திரண்டதும், அதனையடுத்து மாநில அரசு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் திருத்தம் செய்ததும், அத்திருத்தம் செல்லும் என்று 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்ததும் பலரும் அறிந்தவை. அத்திருத்தம் ‘ஜல்லிக்கட்டு’ என்னும் சொல்லுக்குள் மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றோடு எருது விடும் விழாவையும் சேர்த்திருப்பது அத்தனை பேருக்குத் தெரியாது. மதுரைப் பக்கத்தில் ஏறுதழுவல் எப்படியோ, அப்படி ஜவ்வாது மலையைச் சுற்றிய வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்கு எருது விடும் விழா.

இதில் காளையை எவரும் தழுவுவதில்லை. ஊர்த் தெருவின் இருபுறமும் தடுப்புக் கட்டி, ஒரு முனையிலிருந்து காளையை அவிழ்த்துவிடுவர். குறித்த தொலைவை எத்தனை நொடியில் கடந்தது என்பதே வெற்றியின் அளவு. காளை வளர்ப்பவர் அதைப் பேணும் முறையைப் பார்த்தவர்கள் அன்பில்லை என்று சொல்ல மாட்டார்கள். வீட்டாருக்குக் கஞ்சி இருக்கிறதோ இல்லையோ காளைக்குப் பருத்திக்கொட்டையும் உளுந்தும் உண்டு. ஆயினும் அவிழ்த்துவிடும் இடத்தில் நொடிக் கணக்கு அந்த அன்பை முந்திக்கொள்கிறது. கோலால் குத்துவதும், வாலைக் கடிப்பதும், கண்ணில் எரிச்சலூட்டும் பொருளைத் தேய்ப்பதும் முன்னர் வழக்குகளில் பேசப்பட்டவை. 2017ஆம் ஆண்டு விதிகள் இவற்றைத் தடுக்கவே வந்தன. மாவட்ட ஆட்சியரின் அனுமதி, கால்நடை மருத்துவரின் முன்பரிசோதனை, காளைக்குப் போதிய இடமும் நிழலும் நீரும், சனவரி முதல் மே வரையிலான கால எல்லை ஆகியவற்றை அத்திருத்தமும் விதிகளும் வற்புறுத்துகின்றன. மரபை ஆதரித்துத் தெருவில் இறங்கியவர்கள் அதன் விதிகளைக் காப்பதிலும் அதே ஊக்கத்தோடு நின்றிருந்தால் எதிர்ப்பாளரின் வாதத்தில் பாதி உதிர்ந்திருக்கும்.

விழா முடிந்த மறுநாள் காளை என்ன ஆகிறது என்பது பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. நொண்டிய காளைக்கும், ஓட்டத்துக்கு வயது கடந்த காளைக்கும் பொய்கைச் சந்தையே வழி.

மலைமேல் ஒரு தொலைபேசி

கொடுமையைத் தடுக்கும் பேச்சில் காவல் நிலையமும் நீதிமன்றமும் முன்னே நிற்கின்றன. கால்நடை மருத்துவர் பின்னே தள்ளப்படுகிறார். மலைவாழ் மக்களின் ஆடுமாடுகள் படும் துன்பத்தில் பெரும்பகுதி எவரும் இழைத்ததன்று. கன்று குறுக்கே நின்று ஈன முடியாமல் இரவெல்லாம் முனகும் பசு, கோமாரியில் வாயும் குளம்பும் புண்ணாகி மேயாமல் நிற்கும் எருது, பாறையிலிருந்து விழுந்து கால் முறிந்த வெள்ளாடு ஆகியவற்றுக்கு உரியவர் அருகிலேயே இருக்கிறார். அவர் கைக்கு மருந்து மட்டும் எட்டவில்லை. வலிநீக்கும் ஊசி ஒன்று அரை மணியில் கிடைத்தால் அடங்கும் துன்பம் அடிவாரம் வரை போய்வரும் ஒரு நாளுக்குள் மரணமாகிறது. போதிய பேணல் தராமை குற்றம் என்னும் சட்டத்தின் விரல் இங்கு யாரை நோக்கி நீள வேண்டும்?

நோயுற்ற கால்நடையைத் தேடி மருத்துவர் வரும் நடமாடும் மருத்துவ ஊர்திகள் தமிழ்நாட்டில் இப்போது இயங்குகின்றன. அவற்றை அழைக்கும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1962. விலங்குகள் நல வாரியம் அமைந்த ஆண்டும் அதுவே. தற்செயலான ஒற்றுமைதான், எண்ணை நினைவில் வைக்க உதவும். ஜமுனாமரத்தூருக்குத் தார்ச்சாலை உண்டு. அங்கிருந்து பிரியும் மண்தடங்களில் மழைக்காலத்தில் ஊர்தி ஏறுவது கடினம். சில ஊர்களில் பேசுவதற்கே மேட்டில் ஏறி அலைவரிசை தேட வேண்டும். அத்தகைய ஊரில், கன்று வெளிவராத பசுவின் அருகே ஒருவரை அமர்த்திவிட்டு, தொலைபேசியோடு இன்னொருவர் இருளில் மேட்டை நோக்கி நடக்கிறார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் கிடைத்த நடுகல் ஒன்றைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, அதில் விலங்கு எவ்வாறு இடம்பெறுகிறது என்பதைக் குறிப்பெழுதுக.

2. அருகிலுள்ள சந்தைக்குச் சென்று கால்நடைகள் ஏற்றப்படும் முறையைக் கவனித்து, பாடத்தில் கண்ட விதிகளோடு ஒப்பிட்டு அறிக்கை அணியமாக்குக.

3. ‘காட்டுப்பன்றியால் பயிரிழந்த உழவர்’, ‘வனத்துறை அலுவலர்’ ஆகிய இருவரும் உரையாடுவதாகக் கற்பனை செய்து எழுதி வகுப்பறையில் நடித்துக் காட்டுக.